தழை வைக்காத குழி

ஜூன் 9

அன்புள்ள அண்ணிக்கு,

அண்ணனுக்கு இப்போது எப்படி இருக்கிறது? நான் போன் செய்தால் நீங்கள் எடுப்பதில்லை. நீங்கள் தங்கியிருக்கிற வீட்டில் உங்கள் தங்கைதான் எடுத்து, அக்கா குளிக்கிறார் என்கிறார். காலையில் அடித்தாலும் குளிக்கிறீர்கள், மத்தியானம் அடித்தாலும் குளிக்கிறீர்கள். கடிதம் எழுதினால் படிக்காமலா போய்விடுவீர்கள் என்று உட்கார்ந்துவிட்டேன். பள்ளிக்கூடம் முடித்த பிறகு நான் கைப்பட இவ்வளவு எழுதியதில்லை. பேரூராட்சி அலுவலகத்தில் கிளார்க் எழுதுவார், நான் கையெழுத்துப் போடுவேன். தலைவி வேலை என்பது பாதி அதுதான்.

தொடையில் கம்பி வைத்த இடத்தில் வலி குறைந்ததா? ஆஸ்பத்திரிக்கு நான் ஒரே ஒரு தடவை வந்து, கட்டிலுக்குப் பக்கத்தில் விறைத்துப்போய் நின்றுவிட்டு, வேலை இருக்கிறது என்று கிளம்பிவிட்டேன். அதில் உங்களுக்குக் கோபம் என்று தெரியும். வேலை இருந்தது நிஜம். ஆனால் அண்ணன் அந்த நிலைமையிலும் என்னைப் பார்த்துச் சிரித்து, "சாப்டியா பாப்பா?" என்று கேட்டார். அதற்கு மேல் என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

மாவு மில் திருப்பத்தில் அண்ணன் விழுந்த குழியை மறுநாளே மூடிவிட்டோம். வடிகாலுக்குத் தோண்டிய மற்ற குழிகளுக்கும் தடுப்புக் கட்டை வைக்கச் சொல்லியிருக்கிறேன். நம் ஊரில் இதுவரை யார் தடுப்புக் கட்டை வைத்தார்கள்? குழி இருந்தால் அக்கம்பக்கத்தில் யாராவது தழையோடு ஒரு கிளையை ஒடித்து அதில் நட்டுவிடுவார்கள். தழையைப் பார்த்து ஒதுங்கிப் போவோம். தழை இல்லாவிட்டால் தைரியமாகப் போவோம். தெருவைப் பார்த்து நடக்கும் பழக்கமே நமக்கு விட்டுப்போய்விட்டது. அன்றைக்கு அந்தக் குழியில் மட்டும் தழை இல்லாமல் போனது யார் தவறு என்று விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.

துப்புரவு மேஸ்திரியைத் தற்காலிகமாக வேலையிலிருந்து நிறுத்தியாயிற்று. நம்ம 'நாளைக்கு' மேஸ்திரிதான். எதைச் சொன்னாலும் நாளைக்குச் செய்துவிடலாம் என்பாரே, அவர். அன்று காலை சிறந்த பேரூர் விருதுக்கான ஆய்வுக் குழு வருவதாக இருந்ததால் தெருவைச் சுத்தம் செய்தபோது அவர்தான் தழையைப் பிடுங்கினார் என்று பார்த்தவர்கள் சொல்கிறார்கள்.

எதற்கும் கவலைப்படாதீர்கள். நான் இருக்கிறேன்.

உங்கள் நாத்தனார்


ஜூன் 16

மரியாதைக்குரிய தலைவி அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. ஆபீஸ் உறையில், ஆபீஸ் முத்திரையோடு வந்ததால் என் தங்கை வீட்டுக்காரர் ஏதோ நோட்டீஸ் என்று பயந்துபோய்ப் பிரிக்காமல் அலமாரியில் வைத்துவிட்டார். நலம் விசாரிப்பதற்காவது ஒரு வெள்ளை உறை வாங்கக் கூடாதா?

நான் போனை எடுக்காததற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. இந்த வீட்டில் இருப்பதே இரண்டு அறை. ஒன்றில் உங்கள் அண்ணன் கட்டிலோடு கிடக்கிறார். நான் எங்கே நின்று பேசினாலும் அவர் காதில் விழும். உங்களைத் திட்ட ஆரம்பித்தால் அவர் இருமுவார். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான், உங்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், மனுஷனுக்கு இருமல் வந்துவிடும். அதனால் சமையலறையில் அரிசி டப்பா மேல் காகிதத்தை வைத்து இதை எழுதுகிறேன்.

வலி குறையவில்லை. ஆனால் அது இல்லை நான் சொல்ல வந்தது.

போன வாரம் பஸ் டிப்போவிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். டிரைவர் நீண்ட லீவில் இருந்தால் விபத்து எப்படி நடந்தது என்று அவரிடமே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டுமாம். நான் காபி போட உள்ளே போனேன். திரும்பி வருவதற்குள் இவர் எழுதிக் கொடுத்துவிட்டார். என்ன எழுதினீர்கள் என்று கேட்டேன். "தழை வெச்சிருந்துச்சு, நான்தான் கவனிக்காம போய் விழுந்துட்டேன்னு எழுதினேன்" என்கிறார்.

அவரைக் குழியிலிருந்து தூக்கியவர்கள் அத்தனை பேரும் தழை இல்லை என்றுதானே சொன்னார்கள்? மில்காரர் என்னிடமே சொன்னார். நீங்களும் அதைத்தான் எழுதியிருக்கிறீர்கள். இவர் மட்டும் இருந்தது என்கிறார். மருந்து மயக்கமா, இல்லை யாரையாவது காப்பாற்றுகிறாரா? அந்த மேஸ்திரிக்கும் இவருக்கும் வணக்கம் சொல்கிற பழக்கம்கூடக் கிடையாதே.

அந்த ஆளைத் தற்காலிகமாக நிறுத்தினால் போதாது. அடியோடு அனுப்புங்கள். ஒருத்தர் காலை ஒடித்துவிட்டு அவர் மட்டும் மீசையை முறுக்கிக்கொண்டு திரியக் கூடாது. நீங்கள் இருப்பதாக எழுதியிருக்கிறீர்களே, அதற்காவது இருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மனைவி


ஜூன் 24

அன்புள்ள அண்ணிக்கு,

என்னை 'நீங்கள்' என்று எழுதியிருக்கிறீர்கள். வாடி போடி என்று நாலு வரி திட்டியிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன். வெள்ளை உறை வாங்கியிருக்கிறேன், பாருங்கள்.

அண்ணன் எழுதிக் கொடுத்தது எங்கள் காதுக்கும் வந்தது. டிப்போவில் வேலை பார்க்கிற ஒருவர் மன்ற உறுப்பினருக்குச் சொந்தம். செய்தி வந்த அன்றே துணைத் தலைவர் என் மேஜைக்கு எதிரே வந்து உட்கார்ந்து, "உங்க அண்ணன் பெருந்தன்மையா விஷயத்தை முடிச்சிட்டாரு. இனிமே இதை யாரும் கிளற வேண்டாம்" என்றார். விழுந்தவரே தழை இருந்தது என்ற பிறகு மேஸ்திரி மேல் நடவடிக்கை எடுக்க இடமில்லை. அதனால் அவரைத் திரும்ப வேலைக்குச் சேர்த்துக்கொண்டோம். உங்களுக்கு இது பிடிக்காது. ஆனால் பாவம், அவரும் பிள்ளைகுட்டிக்காரர். சொன்ன வேலையைச் செய்தார், அவ்வளவுதான்.

இன்னொரு செய்தி. விருது நம் ஊருக்குத்தான் கிடைத்திருக்கிறது. சுத்தமான தெருக்கள், ஒழுங்கான பராமரிப்பு என்று பாராட்டி எழுதியிருக்கிறார்கள். அலுவலக வாசலில் பெரிய பேனர் வைத்துவிட்டார்கள், என் படத்தோடு. உச்சி குளிர வேண்டிய விஷயம். எனக்கு அந்தப் பக்கமாகப் போகவே பிடிக்கவில்லை, பின்வாசல் வழியாகத்தான் போய் வருகிறேன். ஏன் என்று கேட்டவர்களிடம் கண் கூசுகிறது என்றேன்.

அண்ணி, அண்ணன் சொன்னது சொன்னபடியே இருக்கட்டும். அவரைத் துருவித் துருவிக் கேட்காதீர்கள். அவர் எதற்காகச் சொன்னாரோ, நல்லதை நினைத்துத்தான் சொல்லியிருப்பார். கால் குணமாகி அவர் மறுபடி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டால் எல்லாம் மறந்துபோகும். ஊர்ப் பெயரும் கெடாது.

உடற்பயிற்சி சொல்லிக் கொடுக்க ஆள் வருகிறாரா? நான் ஏதாவது அனுப்பட்டுமா? சொல்லுங்கள்.

உங்கள் நாத்தனார்


ஜூலை 5

தலைவி அவர்களுக்கு,

மறந்துபோகும் என்று எழுதியிருந்தீர்கள். எது மறந்துபோகும் என்று நான் சொல்கிறேன், கேளுங்கள்.

டிப்போவிலிருந்து இவரைக் கண் பரிசோதனைக்கு வரச் சொன்னார்கள். சக்கர நாற்காலியில் வைத்துக் கூட்டிக்கொண்டு போனேன். கண்ணில் ஒரு குறையும் இல்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். எனக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது. அந்தத் தாளை எடுத்துக்கொண்டு மேனேஜரைப் பார்க்கப் போனோம். அவர் படித்துவிட்டு இன்னும் யோசனையாகிவிட்டார். கெட்ட மனுஷர் இல்லை, உட்காரச் சொல்லித்தான் பேசினார். "கண்ணு நல்லா இருந்தும் நடுத்தெருவில நட்டு வெச்ச தழை தெரியலைன்னா கவனம் போயிடுச்சுன்னு அர்த்தம். இவர் பின்னாடி ஒரு பஸ் ஜனம் உட்கார்ந்து வருது. நான் எப்படி ஸ்டியரிங்கைக் குடுக்கறது?" என்றார். நான் பயணியாக இருந்தால் நானும் அதைத்தான் கேட்பேன்.

டிப்போ வாசலில் சங்கிலியை இறக்கி ஏற்றுகிற வேலை தருகிறார்களாம். இந்த மாதக் கடைசிக்குள் சம்மதம் என்று கையெழுத்துப் போட வேண்டும். இவர் சரி சரி என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததிலிருந்து என்ன செய்கிறார் தெரியுமா? பயிற்சி சொல்லித் தருகிறவர் பாதத்தை மேலும் கீழும் அசைக்கச் சொன்னார். அவர் போன பிறகும் இவர் போர்வைக்குள் வலது காலை அழுத்தி அழுத்தி எடுக்கிறார். முதலில் எனக்குப் புரியவில்லை. அப்புறம்தான் தெரிந்தது, பிரேக் போட்டுப் பார்க்கிறார். இந்த மனுஷனுக்குக் குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது. அந்த பஸ் ஒன்றுதான்.

எனக்கும் மனசு உறுத்துகிற விஷயம் ஒன்று இருக்கிறது. இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. ஆய்வுக் குழுவுக்கு ஜூஸ் கொடுக்க என் புதுக் கண்ணாடி டம்ளர் செட்டை வாங்கிக்கொண்டு போனீர்களே. அந்த வரவேற்புக்கு என்னைக் கூப்பிடவில்லை. டம்ளர் வேண்டும், ஆள் வேண்டாம் என்று எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. டியூட்டி முடித்துக் களைத்துப்போய் வந்தவரை உட்காரக்கூட விடவில்லை. இன்றைக்கே போய் என் டம்ளரை வாங்கிக்கொண்டு வாருங்கள் என்று விரட்டினேன். காலையில் போகிறேன் என்றார். இப்போதே போங்கள் என்றேன். சைக்கிளை எடுத்துக்கொண்டு அவர் போனது என் வாயால்தான். ராத்திரி அவர் முனகும்போதெல்லாம் அந்த டம்ளர்கள் என் கண் முன்னால் வரிசையாக வந்து நிற்கின்றன.

என் பங்கை நான் சொல்லிவிட்டேன். இப்போது உங்களிடம் நேராகவே கேட்கிறேன். தழை இருந்தது என்று இவர் ஏன் சொன்னார்? இவரைக் கேட்டால் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்கிறார். இவர் இப்படி மூடி மறைப்பது உலகத்தில் ஒரே ஒரு ஆளுக்காகத்தான். அந்தத் தழையை எடுக்கச் சொன்னது யார்?

பூசி மெழுகாமல் பதில் எழுதுங்கள்.


ஜூலை 10

அண்ணி,

நான்தான்.

இந்த ஒரு வார்த்தையை எழுதிவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். போன இரண்டு கடிதங்களிலும் இதை எழுதத்தான் உட்கார்ந்தேன். பேனா மேஸ்திரியிடம் போய்விட்டது, விருதிடம் போய்விட்டது, என்னிடம் மட்டும் வரவில்லை.

குழு வருகிற அன்று காலை மன்ற உறுப்பினர்களோடு தெருத் தெருவாகப் போய்ப் பார்த்தேன். எங்கே பார்த்தாலும் தழை. ஊர் முழுக்கக் குழி என்று ஊரே பலகை வைத்துச் சொல்கிற மாதிரி இருந்தது. குழு காரில்தான் வருவார்கள், தழை இல்லாவிட்டால் காரிலிருந்து குழி கண்ணுக்குத் தெரியாது என்று எனக்குத்தான் தோன்றியது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. எல்லாத் தழையையும் பிடுங்கச் சொன்னேன். மேஸ்திரி வழக்கம்போல நாளைக்கு என்று இழுத்தார். அவரை எல்லார் முன்னாலும் சத்தம் போட்டேன். அந்த மனுஷர் வாழ்க்கையில் முதல் தடவையாக அன்றைய வேலையை அன்றைக்கே செய்து முடித்தார்.

அண்ணனுக்கு இது தெரியும். மாவு மில் திருப்பத்தில் பிடுங்கிக்கொண்டிருந்தபோது அவருடைய காலை டிரிப் பஸ் வந்தது. வேகத்தைக் குறைத்து, ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "பாப்பா, அதை ஏன் புடுங்கறீங்க? யாராவது விழுந்துடப் போறாங்க" என்றார். பஸ்ஸில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். உறுப்பினர்கள் எல்லாரும் என் பின்னால் நிற்கிறார்கள். அத்தனை பேர் முன்னால் பாப்பா என்று கூப்பிட்டது எனக்குச் சுருக்கென்றது. "சாயங்காலம் திரும்ப வெச்சிடுவோம். நீங்க போங்கண்ணா, பின்னாடி வண்டி நிக்குது" என்றேன். அவர் கையைக் காட்டிவிட்டுப் போய்விட்டார்.

குழு தாமதமாக வந்தது. சாப்பாடு, பேச்சு, போட்டோ என்று பொழுது போய்விட்டது. அந்த அமளியில் மறந்துவிட்டேன். அண்ணன் விழுந்துவிட்டார் என்று ஆள் ஓடி வந்தபோது உங்கள் டம்ளர்களைத்தான் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தேன்.

டம்ளருக்காக உங்களை நொந்துகொள்ளாதீர்கள். சைக்கிளில் போவது தப்பில்லை.

அண்ணன் என்னைக் காப்பாற்றப் பொய் சொன்னார் என்று கேள்விப்பட்ட அன்று எனக்கு முதலில் வந்தது நிம்மதி, அண்ணி. அதை நினைத்தால்தான் எனக்கு என்னையே பிடிக்கவில்லை. அது அவர் வேலைக்கே உலை வைக்கும் என்று அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று என்னால் சத்தியம் செய்ய முடியவில்லை.

இப்போது டிப்போவுக்கு எழுதலாம் என்று நினைக்கிறேன். எழுதினால் என் பதவி போகும், அதுகூடப் பரவாயில்லை. ஆனால் அண்ணன் எழுத வேண்டாம் என்பாரே. அவர் பொய் சொன்னதாகவும் ஆகிவிடுமே. நீங்களே அவரிடம் கேட்டுச் சொல்லுங்கள். நீங்கள் எப்படிச் சொன்னாலும் கட்டுப்படுகிறேன்.

உங்கள் நாத்தனார்


ஜூலை 15

தலைவி அவர்களுக்கு,

கடிதத்தை அவர் முன்னாலேயே வாய்விட்டுப் படித்தேன். இந்தத் தடவை அவர் இருமவில்லை.

தழை இல்லாத இடத்தில் ஏன் நேராகப் போனீர்கள், காலையில் பிடுங்கியதைத்தான் கண்ணால் பார்த்தீர்களே என்று கேட்டேன். "சாயங்காலம் வெச்சிடுவோம்னு அவ சொன்னா இல்ல? தழையைக் காணோம்னதும், சரி, குழியையே மூடிட்டா போலிருக்குன்னு நினைச்சேன். அவ சொன்னா செய்வா" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார் வேறு. தங்கச்சி சொன்னதற்கு மேலேயே செய்துவிட்டாள் என்று பெருமைப்பட்டுக்கொண்டே போய் விழுந்திருக்கிறார். சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

டிப்போவுக்கு எழுத வேண்டாம் என்றுதான் சொல்கிறார். "எனக்குச் சங்கிலி புடிக்கிற வேலை போதும். அவ இப்பதான் நாலு பேர் மதிக்கிற மாதிரி வந்திருக்கா" என்கிறார். இரவில் அதே கால் போர்வைக்குள் பிரேக் போடுகிறது. அவர் வாய் ஒன்று சொல்கிறது, கால் ஒன்று சொல்கிறது.

எப்படிச் சொன்னாலும் கட்டுப்படுகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். நன்றாக இருக்கிறது நியாயம். எழுது என்று நான் சொன்னால், அண்ணிதான் என் பதவியைப் பறித்தாள். எழுத வேண்டாம் என்று சொன்னால், அண்ணியே வேண்டாம் என்றுவிட்டாள். எந்தப் பக்கம் விழுந்தாலும் பழி என் தலையில். தழையைப் பிடுங்கச் சொன்னபோது என்னைக் கேட்டீர்களா? இதை மட்டும் எதற்குக் கேட்கிறீர்கள்?

நான் எதுவும் சொல்ல மாட்டேன். ஒன்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். நீங்கள் எழுதினாலும் எழுதாவிட்டாலும் எனக்கு உங்கள் மேல் உள்ள கோபம் தீராது. மன்னிப்புக் கிடைக்கும் என்று நினைத்துக்கொண்டு எழுதாதீர்கள்.

இன்னொன்று. சொன்ன வேலையைச் செய்தார் என்று மேஸ்திரியைப் பற்றிப் போகிறபோக்கில் எழுதியிருந்தீர்களே. அவரை நான் இந்த வீட்டில் உட்கார்ந்து எத்தனை நாள் சபித்திருக்கிறேன் தெரியுமா? அந்தப் பாவத்தில் எனக்குப் பாதி, உங்களுக்குப் பாதி.


ஜூலை 26

அன்புள்ள அண்ணிக்கு,

எழுதவில்லை. நேரிலேயே போய்ச் சொல்லிவிட்டேன்.

முதலில் மன்றக் கூட்டத்தில். விருது விழாவுக்கு யார் யார் போவது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான் எழுந்து, தழையைப் பிடுங்கச் சொன்னது நான், அதனால்தான் விபத்து நடந்தது, அண்ணன் எழுதிக் கொடுத்தது எனக்காகச் சொன்ன பொய் என்றேன். அன்று காலை என் பின்னாலேயே வந்தவர்கள்தான், ஒவ்வொருவராகத் தாங்கள் அந்தத் தெருவுக்கு வரவே இல்லை என்றார்கள். கிளார்க் பேனாவை மூடி வைத்துவிட்டு, "இதை எழுதணுங்களாம்மா?" என்று கேட்டார். எழுதுங்கள் என்றேன்.

கூட்டம் முடிந்து வெளியே வந்தால் மேஸ்திரி நிற்கிறார். ஜன்னல் வழியாகக் கேட்டிருக்கிறார். நன்றி சொல்லப் போகிறார் என்று நினைத்தேன், பாருங்கள் என் புத்தியை. "என்னை வீட்டுக்கு அனுப்பினப்ப இதைச் சொல்லியிருக்கலாமேம்மா. என் பொண்ணு பள்ளிக்கூடத்துக்கே போக மாட்டேன்னுச்சு" என்றார். துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அண்ணி, போன கடிதத்தில் நான் மறந்துவிட்டேன் என்று எழுதியிருந்தேன். அது பொய். அந்த அமளியிலும் எனக்கு ஞாபகம் வந்தது. மேஸ்திரியைக் கூப்பிட்டுத் தழையை வைத்தாயிற்றா என்று கேட்டேன். பிடுங்கியதை அலுவலகத்துக்குப் பின்னால் போட்டிருந்தாராம், ஆடுகள் வந்து தின்றுவிட்டனவாம். நாளைக்குப் புதிதாக ஒடித்து வைத்துவிடுகிறேன் என்றார். காலையில் நாளைக்கு என்றதற்குச் சத்தம் போட்டவள், அப்போது சரி என்றேன். குழுத் தலைவர் என்னைப் பாராட்டிப் பேசிக்கொண்டிருந்தார். அதைக் கேட்க வேண்டும் என்ற அவசரம் எனக்கு. மறந்திருந்தால்கூட மனசு ஆறும். ஞாபகம் இருந்தும் சரி என்றேன்.

அடுத்த நாள் டிப்போவுக்குப் போனேன். மேனேஜர் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார். அண்ணனை வேலையில் வைக்கத் தங்கை வந்து பழியை ஏற்கிறாள் என்றுதான் மேலே இருப்பவர்கள் நினைப்பார்கள் என்றார். கிளார்க் எழுதிய கூட்டக் குறிப்பின் நகலைக் காட்டினேன். "அது சரிங்க. ஆனா டிரைவர் கையெழுத்துப் போட்டு ஒண்ணு சொல்லியிருக்காரே. அவரே அதை மாத்தி எழுதிக் குடுத்தாத்தான் நான் ஏதாவது செய்ய முடியும்" என்றார். மாதக் கடைசி வரைக்கும்தான் நேரம்.

ஆக, நான் சொன்னது போதவில்லை. அண்ணன்தான் என் பெயரை எழுத வேண்டும். அவர் எழுத மாட்டார் என்று எனக்குத் தெரியும். இந்தத் தடவை முடிவை உங்கள் தலையில் கட்டவில்லை, கையைக் காலைப் பிடித்துக் கேட்கிறேன். நான் கேட்டேன் என்று சொல்லி எழுத வையுங்கள்.

ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டேன். விழாவுக்குத் துணைத் தலைவர் போகிறார். பேனரில் என் படத்தின் மேல் அவர் படத்தை ஒட்டியிருக்கிறார்கள். இப்போது முன்வாசல் வழியாகப் போகலாம், ஆனால் எனக்கு அங்கே வேலை இல்லை.

உங்கள் நாத்தனார்


ஆகஸ்ட் 3

அடியே,

எழுதிக் கொடுத்துவிட்டார். டிப்போவில் ஏற்றுக்கொண்டார்கள். கால் சரியானதும் ஓட்டிக் காட்டச் சொல்லியிருக்கிறார்கள், தேறிவிட்டால் பழைய பஸ்ஸே கிடைக்கும். சங்கிலி வேலைக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாக மேனேஜர் போனில் சொன்னார். முதலில் இதைச் சொல்லிவிட வேண்டும் என்று எழுதினேன். நீ மூச்சைப் பிடித்துக்கொண்டு படிப்பாய் என்று தெரியும்.

லேசில் எழுதவில்லை. உன் கடிதத்தைப் படித்துக் காட்டியதும் தாளைத் தூக்கி எறிந்தார். என் மேல் கோபப்பட்டு இதுவரை ஒரு தட்டைக்கூட எறிந்ததில்லை. நான் சாப்பாட்டை நிறுத்திப் பார்த்தேன், அழுது பார்த்தேன். கடைசி நாளும் வந்துவிட்டது. அப்போதுதான் சொன்னேன், அவள் சொல்ல வேண்டியதை எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாள், இனி நீங்கள் எழுதாவிட்டால் அவளைப் பொய்க்காரி ஆக்கியது நீங்களாகத்தான் இருப்பீர்கள் என்று. அதற்குப் பிறகுதான் பேனாவைக் கேட்டார்.

தலைவி என்று மட்டும் போட்டால் போதாதா, பெயர் வேண்டுமா என்று என்னிடம் கேட்டார். மேனேஜர் பெயரும் உறவும் கேட்டிருக்கிறார் என்றேன். பெயரை எழுதினார். அதற்குக் கீழே 'என் தங்கை' என்று எழுதினார். அந்த இரண்டு வார்த்தையை எழுத அவருக்கு அவ்வளவு நேரம் ஆயிற்று. பக்கத்தில் நின்ற எனக்கே அதை வாங்கிக் கிழித்துப் போட்டுவிடலாமா என்று இருந்தது.

வேலை கிடைத்ததும் மனுஷன் துள்ளிக் குதிப்பார் என்று நினைத்தேன். பிரேக் போடுவதை நிறுத்திவிட்டார். சோற்றை அளைந்துவிட்டுத் தட்டை நகர்த்துகிறார். பொய் சொல்லிக்கொண்டிருந்த நாளெல்லாம் உன் பேச்சுத்தான். பாப்பா சாப்பிட்டாளா, பாப்பாவுக்கு வேலை அதிகமா, பாப்பா மேல் கோபப்படாதே. உண்மையை எழுதிக் கொடுத்த நாளிலிருந்து உன்னைப் பற்றி ஒரு வார்த்தை வாயில் வரவில்லை. நேற்று நானாகவே கேட்டேன், அவளை ஒரு நாள் வரச் சொல்லட்டுமா என்று. "வேண்டாம். அவளைப் பத்தி நானே எழுதிக் குடுத்துட்டேன். இனிமே எந்த மூஞ்சியோட அவளைப் பார்ப்பேன்?" என்றார்.

காலை ஒடித்தவள் நீ. அவரை விரட்டியவள் நான். முகத்தை மூடிக்கொண்டு கிடப்பவர் அவர்.

உன் மேல் எனக்குக் கோபம் தீரவில்லை. தீரும் என்றும் தோன்றவில்லை. டம்ளர் செட்டை இனிமேல் உனக்கு மட்டும் அல்ல, யாருக்கும் கொடுப்பதாக இல்லை. ஆனால் நான் சொல்லி அவர் கேட்க மாட்டார். நீ வந்து அவர் கட்டில் பக்கத்தில் உட்கார். நின்றுவிட்டு ஓடாதே, உட்கார். அவரைத் திட்டு, இல்லை சேர்ந்து அழு, என்னவோ செய். அவர் திரும்பிப் படுத்துக்கொண்டாலும் எழுந்து போகாதே.

ஞாயிற்றுக்கிழமை வா. அன்றைக்கு நான் உன்னோடு பேசுவேன் என்று சொல்ல முடியாது. இருந்தாலும் உனக்கும் சேர்த்துத்தான் சமைப்பேன்.

அண்ணி